கொடையும் உரிமையும்: தீவகப் பெண்கள் பணியை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

மணிமேகலைக் காப்பியத்தில் வரும் அமுதசுரபியின் கதை பள்ளிப்பருவம் முதலே நமக்குப் பழக்கமானது. எடுக்க எடுக்கக் குறையாத அப்பாத்திரத்தை மதுரையிலே சிந்தாதேவியிடமிருந்து பெற்ற ஆபுத்திரன் பசித்தோர்க்கெல்லாம் உணவளித்து வந்தான். அவனுடைய அறத்தின் வலிமையால் இருக்கை நடுங்கப்பெற்ற இந்திரன், முதிய அந்தணன் வடிவில் வந்து வரந்தருவதாகக் கூற, இளைஞன் அவனை எள்ளி நகைத்தான். சினங்கொண்ட இந்திரன் பாத்திரத்தைப் பறிக்கவில்லை. நாட்டிலே மழையைப் பெய்வித்தான். வளம் பெருகிற்று, பசி நீங்கிற்று, ஆபுத்திரனிடம் உணவு கேட்டு வருவார் எவருமில்லாது போயினர். ஏற்பவரைத் தேடிச் சாவகநாட்டுக்குக் கப்பலேறியவன், இடைவழியில் மணிபல்லவத்திலே தனியனாக விடப்பட்டு, பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் இட்டுவிட்டு உண்ணாநோன்பிருந்து உயிர்துறந்தான்.

மணிபல்லவம் எது என்பதில் ஆய்வாளரிடையே கருத்தொற்றுமை இல்லை. நயினாதீவே அது என்பார் ஒரு சாரார், மறுப்பாரும் உளர். எவ்வாறாயினும், நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலின் அன்னதான மண்டபம் இன்றும் அமுதசுரபி என்ற பெயரையே தாங்கி நிற்கிறது. தீவகத்திற் பிறந்து வளர்ந்த எனக்குக் கதையின் இத்துயரப் பகுதியே எப்பொழுதும் முதன்மையாகத் தோன்றி வந்துள்ளது. கையிலே வற்றாத பாத்திரம் இருந்தும், ஏற்பாரற்ற தீவிலே ஆபுத்திரனாற் கொடையாளனாக வாழ இயலவில்லை. ஏற்பவன் கொடுப்பவனிற் தங்கியிருக்கிறான் என்பதை எவருங் காண்பர். கொடுப்பவனும் ஏற்பவனிற் தங்கியிருக்கிறான் என்பதைச் சாத்தனார் கண்டார். பிரெஞ்சு அறிஞர் மார்சல் மோஸ் 1925ஆம் ஆண்டில் கொடை பற்றி எழுதிய ஆய்விலே, கொடுத்தல், ஏற்றல், திருப்பிக் கொடுத்தல் என்னும் மூன்று கடப்பாடுகளும் கொடையிற் பிணைந்திருப்பதை எடுத்துக்காட்டினார். கைம்மாறு கருதாதது என்று நாம் போற்றும் கொடையிலும் ஏதோ ஒன்று கொடுத்தவரிடம் திரும்பிச் செல்கிறது. அது யாது என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

பெண்ணுரிமைக்காக உழைக்கும் அமைப்பு ஒன்று பெரும்பாலும் பிறர் தரும் நிதியைக் கொண்டே இயங்கவேண்டியுள்ளது. அவ்வாறு நிதி திரட்டுவோர் யாருக்குக் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர்? பணம் தந்தவருக்கா, எவர்பொருட்டுப் பணம் தரப்பட்டதோ அவருக்கா? இது முகாமைத்துவ பீடத்தாருக்குரிய வினா என்று கலைப்பீடத்தினராகிய நாம் தள்ளிவிடுவது வழக்கம். ஆனால், ஒரு பெண்ணின் துன்பத்தை எடுத்துச் சொல்லி இன்னொருவரிடம் பணம் கேட்பது நேரியதா, எவ்வளவு தூரம் நேரியது என்பது கணக்கியலால் விடை காணக்கூடிய வினாவன்று.

வினாவின் கனத்தை உணர்வதற்குத் தீவகத்தின் நிலவியலிலிருந்து தொடங்குதல் நன்று. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், கணவனின் வன்முறைக்கு ஆளாகும் பெண் நீதவான் நீதிமன்றிலே பாதுகாப்புக் கட்டளை கோரலாம். நீதவான் இடைக்காலக் கட்டளை வழங்கின், பதினான்கு நாட்களுக்குள் விசாரணை நடைபெற வேண்டும். விசாரணையின் பின் வழங்கப்படும் கட்டளை பன்னிரண்டு மாதங்கள்வரை செல்லுபடியாகும். சட்டநூலிலே இவை சில வரிகள். நெடுந்தீவிலே வாழும் ஒரு பெண்ணுக்கோ இவை கடற்பயணங்கள். ஊர்காவற்றுறை நீதவான் நீதிமன்றின் நியாயாதிக்கம் நெடுந்தீவையும் தழுவியது. விடியற்காலைப் படகிலேறி ஏறத்தாழ ஒரு மணிநேரம் கடலிற் சென்று குறிகட்டுவானில் இறங்கி, பேருந்திலே புங்குடுதீவையும் வேலணையையும் கடந்து, அங்கிருந்து ஊர்காவற்றுறைக்குத் திரும்ப வேண்டும். நாளொன்றுக்குச் சில படகுகளே ஓடும்; காற்றுக் காலத்தில் அவையும் நின்றுவிடும். பிள்ளைகளை யாரிடமாவது விட்டுச் செல்லவேண்டும். எதற்காகப் போகிறாள் என்பதை அதே படகிலே இருக்கும் ஊரார் அனைவரும் அறிவர். சிலவேளை கணவனும் அதே படகில் இருப்பான். முதல்நாள் ஒரு பயணம், பதினான்கு நாட்களுக்குள் மீண்டும் ஒரு பயணம், தவணை போடப்பட்டால் மேலும் ஒன்று.

இத்தகைய பெண்ணொருத்திக்கு உண்மையில் வேண்டியவை எவை? படகுக்கும் பேருந்துக்கும் செலவு; உடன் வருவதற்கு ஒருவர்; நீதிமன்ற வாயிலில் மயங்கி நிற்கையில் தோளைத் தொடுவதற்கு ஒரு கை; வீடு திரும்ப அஞ்சும் இரவுக்கு ஒரு கூரை. இவை யாவும் ஆட்களாலும் காலத்தாலும் ஆனவை. நிதி கோரும் முன்மொழிவிலோ இவை நிர்வாகச் செலவு, போக்குவரத்துச் செலவு என்ற தலைப்புகளின் கீழ் அடங்கும். நிதி வழங்குவோர் முதலில் வெட்டுவதும் அத்தலைப்புகளையே. விடுதியொன்றில் நடைபெறும் ஒருநாள் கருத்தரங்குக்குப் பணம் கிடைக்கும். அக்கருத்தரங்கிலே எடுத்துரைக்கப்பட்ட உரிமையைப் பயன்படுத்தப் படகேறும் பெண்ணின் பயணச்சீட்டுக்குக் கிடைப்பது அரிது. கருத்தரங்குக்கு வந்தோரை எண்ணலாம், கையொப்பம் வாங்கலாம், பதாகையின் முன்னே நிறுத்திப் படம் எடுக்கலாம். உடன் நடந்து சென்றதை எங்ஙனம் எண்ணுவது?

இதனினும் கடினமான ஒன்றுண்டு. அப்பெண் இரண்டாம் தவணைக்கு முன்னரே மனம் மாறிக் கணவனிடம் திரும்பிவிடுகிறாள் என்று கொள்வோம். அவ்வாறு திரும்புவோர் பலர். காரணங்களும் பல: பிள்ளைகள், வறுமை, அச்சம், சிலவேளை அன்பும். காலாண்டு அறிக்கையிலே அவளை எந்த நிரலில் இடுவது? தோல்வி என்றா? அமைப்பின் பணியாளர் அவளுடைய தீர்மானத்தை மதித்து, மீண்டும் வரவேண்டியிருப்பின் கதவு திறந்தேயிருக்கும் என்று சொல்லி அனுப்புவாராயின், பெண்ணிலைவாதத்தின் முதற்பாடத்தை அவர் செவ்வனே செய்தவராவார். ஆனால், வெற்றிகளின் எண்ணிக்கைக்காகக் காத்திருக்கும் ஒருவர் அறிக்கையின் மறுமுனையில் இருக்கிறார் என்ற நினைவு, "வழக்கை விட்டுவிடாதே" என்று அவளை நெருக்குவதற்கு அப்பணியாளரைத் தூண்டலாம். அப்பொழுது கணவனின் அதிகாரத்திலிருந்து நீங்க வந்தவள் அறிக்கையின் அதிகாரத்துக்கு உட்படுகிறாள். கொடுத்தவர் எவரும் இதை விரும்பியிரார். விரும்பாமலே நிகழ்வதாற்றான் இது ஆராயத்தக்கதாகிறது.

உலகளாவிய நிலையும் இதுவே. அபிவிருத்தியிற் பெண்ணுரிமைகளுக்கான சர்வதேசச் சங்கம் 2011ஆம் ஆண்டில் நூற்று நாற்பதுக்கு மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்த ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் அமைப்புக்களிடம் விபரம் திரட்டியது. அவற்றின் 2010ஆம் ஆண்டு வருமானத்தின் இடைப்பெறுமானம் 20,000 அமெரிக்க டொலர் மட்டுமே. பெண்களிலும் சிறுமியரிலும் முதலிடுவது பற்றிப் பேரரசுகளும் பெருங்கம்பனிகளும் உரத்துப் பேசிய காலம் அது. 2013இல் வெளிவந்த அவ்வறிக்கைக்கு, இலைகளுக்கு நீர் வார்த்து வேர்களைப் பட்டினிபோடுதல் என்னும் பொருள்படத் தலைப்பிட்டனர். தனித்தனிப் பெண்ணுக்குத் தையல் இயந்திரமும் கோழிக்கூடும் கொடுப்பார் உளர். பெண்கள் ஒன்றுகூடித் தமக்கென ஓர் இடத்தை நிலைநிறுத்துவதற்குக் கொடுப்பார் அரியர். வடமாகாணத்துப் பெண்களுக்கு வலுவூட்டல் என்ற பெயரிலே வந்த நுண்கடன் எத்தனை குடும்பங்களைக் கடனில் ஆழ்த்திற்று என்பதைப் போர் முடிந்த பின்வந்த ஆண்டுகளில் நாம் கண்ணாற் கண்டோம். 2018இல் வறட்சியாற் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்களுக்கு அரசு கடன் நிவாரணம் அறிவிக்கவேண்டிய அளவுக்கு அது முற்றியிருந்தது.

கொடுத்தவரிடம் திரும்பிச் செல்வது யாது என்ற வினாவுக்கு யாழ்ப்பாணத்தின் வரலாறு வியப்பானதொரு விடையை வைத்திருக்கிறது. அமெரிக்க மிசனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரியிலே கற்ற மாணவர் பலரின் செலவை அமெரிக்காவிலிருந்த தனியார் ஏற்றனர். செலவை ஏற்றவரின் பெயரோ அவர் விரும்பிய பெயரோ மாணவனுக்குச் சூட்டப்பட்டது. கறல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை என நம் இலக்கிய வரலாற்று நூல்களில் வரும் முன்னொட்டுக்கள் இவ்வழக்கத்தின் எச்சங்களே. கோயிற் கற்றூணிலே உபயகாரரின் பெயரைப் பொறிக்கக் கண்டிருக்கிறோம். குழல்விளக்கின் ஒளியை மறைக்குமளவுக்கு அதன்மேல் உபயம் இன்னார் என்று எழுதியிருப்பதைக் கண்டு சிரித்துமிருக்கிறோம். இங்கோ உபயகாரரின் பெயர் மனிதரின் மேலேயே எழுதப்பட்டது. 1824இல் ஹரியட் வின்சுலோ அம்மையார் தொடக்கிய உடுவில் மகளிர் விடுதிப்பாடசாலையிலும் இவ்வழக்கம் நிலவிற்று. அங்கு கற்றுக் கிறிஸ்தவரை மணக்கும் பெண்ணுக்குத் தொடக்ககாலத்திலே மிசன் சீதனமும் வழங்கியது. பெண்கல்வியின் விடிவெள்ளி என்று நாம் சரியாகவே போற்றும் ஒரு நிறுவனம், அக்கல்விக்குப் பணம் தந்தோரின் சமயநோக்குக்காகச் சீதன வழக்கத்தோடு கைகோத்தது.

இதைக் கூறுவது அம்மிசனரிமாரை இகழ்வதற்காக அன்று. அவர்கள் வாராதிருப்பின் நம் பாட்டிமாரின் பாட்டிமார் எழுத்தறிந்திருப்பரோ என்பது ஐயமே. பெயர் மாறினாலும் கல்வி கல்வியே என்று வாதிடுவாரும் உளர். நெவின்ஸ் என்ற பெயரைச் சுமந்தவர் அப்பெயரோடு தம் சொந்த வழியிலே நடந்து தமிழில் தருக்கநூல் எழுதினார் என்பதும் உண்மை. கொடையின் விலங்கு எப்பொழுதும் ஏற்பவரை முற்றாகப் பிணித்துவிடுவதில்லை. எனினும் பெயர் கேட்கப்பட்டது, கொடுக்கப்பட்டது.

பின்னர் பெயருக்குப் பதிலாகக் கதை கேட்கப்பட்டது. மேரி, மார்கரெட் லீச் என்னும் சகோதரிகள் யாழ்ப்பாணத்திற் பணியாற்றிய பின் மேலைநாடுகளிலே ஊர் ஊராகச் சென்று உரையாற்றி நிதி திரட்டினர். இலங்கையில் ஏழாண்டுகள் என்ற பொருளில் 1890இல் அவர்கள் வெளியிட்ட நூல் படங்களும் கதைகளும் நிறைந்தது. அவர்கள் முன்னின்று திரட்டிய நிதியே இணுவிலிலே பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான மருத்துவமனை எழுவதற்கு உதவிற்று. அம்மருத்துவமனையிற் பிழைத்த தாய்மாரின் எண்ணிக்கையை நினைப்பவர், கதை சொன்னது தவறு என்று எளிதிற் சொல்லமாட்டார். நானும் சொல்லவில்லை. ஆனால் கதையை விலையாகக் கொடுக்கும் வழக்கம் அன்று தொடங்கி இன்றுவரை நீள்கிறது என்பதைக் குறிக்கவேண்டும். இன்றைய அறிக்கைகளில் அதற்கு வெற்றிக்கதை என்று பெயர். ஒவ்வோர் அறிக்கைக்கும் ஒன்றோ இரண்டோ வேண்டும். புகைப்படத்துடன் இருப்பின் சிறப்பு.

2015 மே மாதம் புங்குடுதீவிலே பாடசாலைக்குச் சென்ற மாணவி ஒருத்தி வன்புணர்வுக்குள்ளாக்கப்பட்டுக் கொலைசெய்யப்பட்டாள். வடக்கெங்கும் மக்கள் வீதிக்கு வந்தனர். 2017 செப்ரெம்பரிலே யாழ்ப்பாணத்தில் கூடிய விசேட நீதிமன்றம் எழுவருக்கு மரணதண்டனை விதித்தது. அவளுடைய பெயரை இங்கே எழுதத் தேவையில்லை. தேவையில்லாதிருக்க வேண்டியது அன்றும் அதுவே. ஆனால் அவளுடைய பெயரும் பள்ளிச்சீருடைப் படமும், அவற்றினும் கொடியனவாக இறந்த உடலின் படங்களும் கைக்குக் கை பரவின. பாலியற் குற்றங்களுக்கு ஆளானோரை அடையாளங்காட்டும் விபரங்களை வெளியிடுவதைத் தண்டனைச் சட்டக்கோவை 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி குற்றமாக்கியுள்ளது. பத்திரிகைகளை நோக்கி இச்சட்டத்தைக் காட்டுவோர், தம் அமைப்பின் அறிக்கைகளை நோக்கியும் அதைக் காட்டல் வேண்டும். பெயர் மாற்றப்பட்டுள்ளது என்று அடிக்குறிப்பு எழுதினாற் போதுமா? தீவு சிறியது. "நாற்பத்திரண்டு வயது, மூன்று பிள்ளைகள், கணவர் கடற்றொழிலாளி, ஆலமரத்தடி வீடு" என்று எழுதியவுடன் பெயர் மாறியிருந்தும் ஆளை ஊரறியும். கொழும்பிலோ ஜெனீவாவிலோ அதை வாசிப்பவருக்கு அவள் பெயரற்றவள். அயலவருக்கு அவள் பெயரற்றவளல்லள்.

மனிதரை ஒருபோதும் வெறும் கருவியாக மட்டும் நடத்தாது, அவரையே நோக்கமாகவும் கொள்ள வேண்டுமென்று இம்மானுவேல் காண்ட் வகுத்த விதியை மெய்யியல் மாணவர் அறிவர். இவ்விதியை இங்கே பொருத்துகையில் ஒரு நுட்பத்தைக் கவனிக்கவேண்டும். துன்புற்ற பெண்ணின் கதையைக் கொண்டு பெற்ற பணம் அவளைப் போன்ற இன்னும் பத்துப் பெண்களுக்கு உதவும் என்பது உண்மையாயின், அவளைக் கருவியாக்கியது தகுமா? பயன்பாட்டுவாதி தகும் என்பார். பத்துப் பெண்களின் நலன் சிறியதன்று; ஆகையால் அவ்விடையை நான் இலேசாகத் தள்ளமாட்டேன். எனக்குள்ள தடை வேறு. அவளிடம் "உன் கதையைச் சொல்லலாமா" என்று கேட்பவர், அவளுக்கு உணவும் கூரையும் வழக்கறிஞரும் தேடித்தந்தவரே. அந்நிலையில் அவள் சொல்லும் "ஓம்" எத்தன்மைத்து? நம் பண்பாட்டிலே செய்ந்நன்றி பேரறம். உதவியவர் கேட்கும்போது இல்லை என்று சொல்ல நாக்கு எழாது. சம்மதம் என்பது மறுப்பதற்கு வழியுள்ள இடத்திலேயே சம்மதமாகும். ஆகவே கையொப்பமிட்ட சம்மதப்படிவம் அமைப்பின் கோப்பிலே இருப்பது சட்டத்துக்குப் போதுமாயினும் அறத்துக்குப் போதாது.

அப்படியானால் வெளிநாட்டுப் பணத்தை விலக்கி ஊர்ப்பணத்தில் நின்றாலென்ன என்று கேட்போர் உளர். பல்கலைக்கழக விவாதங்களிலே இக்கருத்து அடிக்கடி எழுகிறது, கைதட்டலும் பெறுகிறது. ஏகாதிபத்தியத்தின் கைக்கூலி என்று பெண்கள் அமைப்புக்களை ஏசுவோரும் இதனையே கூறுவர். தீவகத்துக்கு ஊர்ப்பணம் குறைவில்லை. ரொறன்ரோவிலும் பாரிசிலும் இலண்டனிலும் சுவிற்சர்லாந்திலும் வாழும் தீவக மக்கள் ஊருக்கு ஊர் சங்கம் வைத்து, கோபுரம் எழுப்பவும், தேர்முட்டி கட்டவும், பாடசாலைக்கு மண்டபம் அமைக்கவும், குடிநீர் வழங்கவும் தாராளமாக அனுப்புகின்றனர். போரினாலும் இடப்பெயர்வினாலும் பாழ்பட்ட தீவுகள் ஓரளவு தலைநிமிர்ந்தது அவர்களாலேயே. ஆயினும் கணவனை எதிர்த்து நீதிமன்றம் செல்லும் பெண்ணின் படகுச்செலவுக்கு அச்சங்கங்களிடம் சென்று கேட்டுப் பாருங்கள். குடும்பங்களைக் குலைப்பதற்கா பணம் என்ற வினா முதலில் வரும். அவளுடைய நடத்தை எப்படிப்பட்டது என்ற வினா அடுத்து வரும். கைம்பெண்ணுக்கு ஆடு வாங்கித் தருவார்கள். வாழும் கணவனிடம் அடிவாங்குபவளுக்குப் புத்திமதி தருவார்கள்.

ஊர்ப்பணம் நிபந்தனையற்றது என்று எண்ணுவது பெரும் மயக்கம். அதன் நிபந்தனைகள் எழுதப்படாதவை. ஆதலால் எதிர்த்து வாதிடவும் இயலாதவை. அயல்நாட்டு நிதி வழங்குநருக்கு எங்கள் ஊரின் மானத்தைப் பற்றிக் கவலையில்லை. அந்தக் கவலையின்மையே தீவகத்துப் பெண்ணுக்குச் சிலவேளை விடுதலையாக அமைந்தது. உள்ளூரில் எவரும் வாய்திறக்க அஞ்சிய விடயங்களைப் பேசுவதற்குரிய மேடையையும், அவ்வாறு பேசியவர்க்கு மாதச் சம்பளத்தையும் அந்தப் பணமே தந்தது. இந்நன்மையை மறைத்துவிட்டுத் தற்சார்பு பேசுவது நேர்மையாகாது.

இவ்விடத்தில் ஆதிரையை நினைக்கவேண்டும். அமுதசுரபியைப் பெற்ற மணிமேகலை புகாருக்கு மீண்டபோது, அப்பாத்திரத்தில் முதற்பிச்சை இடத்தக்கவள் ஆதிரையே என்று காயசண்டிகை கூறுகிறாள். கணவன் இறந்தான் எனக் கேட்டுத் தீப்பாய்ந்தும் தீயாற் சுடப்படாத கற்பினள் ஆதிரை. கணிகையர் குலத்தில் வந்த மணிமேகலையின் அறப்பணி ஒரு குலமகளின் கையாற் தொடங்கிவைக்கப்படுவதிலே அக்காலச் சமூகத்தின் சான்றிதழ் ஒன்று ஒளிந்திருக்கிறது என்று நாம் குறைகூறலாம்; கூறவும் வேண்டும். ஆனால் மறுபுறத்தையும் பார்க்கவேண்டும். காப்பியத்திலே தகுதி ஆராயப்படுவது கொடுப்பவளுக்கு. ஏற்பவர்க்கு அவ்வாராய்ச்சி இல்லை. ஆனைத்தீ நோயால் வருந்திய காயசண்டிகை உணவு கேட்டாள், பெற்றாள், பசி தீர்ந்தாள். நாமோ முறையைத் தலைகீழாக்கி, ஏற்பவளின் ஒழுக்கத்தையும் வறுமையையும் துன்பத்தின் ஆழத்தையும் படிவம் படிவமாக விசாரிக்கிறோம். கொடுப்பவரின் பணம் எங்கிருந்து வந்தது, அவர் எதற்காகக் கொடுக்கிறார் என்று கேட்கும் படிவம் ஒன்றை நான் இதுவரை கண்டதில்லை.

கொடுப்பவராகப் பெண்கள் தாமே நிற்கக்கூடாதா? இங்கே சட்டம் குறுக்கே நிற்கிறது. யாழ்ப்பாணத்திலே சீதனமாகப் பெறும் வீடும் காணியும் பெண்ணின் பெயரில் இருப்பதைக் காட்டி, நம் பெண்கள் சொத்துடையோர் என்று பெருமை பேசுவோம். தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் அசையாச் சொத்தை விற்கவோ ஈடுவைக்கவோ நன்கொடையாகக் கொடுக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்பது 1911ஆம் ஆண்டின் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச்சட்டத்தின் விதி. கணவன் கைவிட்டுச் சென்றாலோ காரணமின்றிச் சம்மதம் மறுத்தாலோ மாவட்ட நீதிமன்றிடம் அனுமதி கேட்கலாம். 1990ஆம் ஆண்டின் பின் தீவகத்திலே கணவர் காணாமற் போனமையால் மனைவியோ விதவையோ என்று சொல்லமுடியாத நிலையில் வாழ்ந்த பெண்கள், தம் சொந்தக் காணியின் ஒரு பரப்பைக்கூடத் தம் விருப்பப்படி கொடுக்க இயலாது நின்றனர். பெண்கள் அமைப்புக்கு ஒரு மண்டபம் கட்டத் தன் வளவின் மூலையைத் தர விரும்பும் பெண், உறுதி எழுதுமுன் கணவனின் கையொப்பத்தைத் தேடவேண்டும். ஏற்பவளாக இருப்பதற்கு எவருடைய சம்மதமும் வேண்டியதில்லை; கொடுப்பவளாவதற்கே வேண்டும். பெண்ணுரிமைப் பணிக்கு நிதி திரட்டுவதன் சிக்கலை இதனினும் சுருக்கமாக எந்த ஆய்வறிக்கையும் சொல்லிவிடவில்லை என்பேன்.

அசையாச் சொத்து இல்லாவிடினும் பெண்களின் கையிலே எப்பொழுதும் சிறிது இருந்தே வந்துள்ளது. உலையிலிடும் அரிசியில் ஒருபிடியை வேறாக எடுத்துவைத்துப் பொதுப்பணிக்குக் கொடுக்கும் பிடியரிசி வழக்கம் யாழ்ப்பாணத்திலே சைவப் பள்ளிக்கூடங்களுக்கும் மடங்களுக்கும் கைகொடுத்தது. சீட்டுப் பிடிப்பது இன்றும் பெண்களின் வங்கி. பனையோலைப் பெட்டி இழைத்தும், கருவாடு காயவைத்தும், பால் விற்றும் வரும் சில நூறு ரூபாயிலிருந்து மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களுக்குச் சந்தா கட்டுகிறார்கள். இத்தொகைகளைக் கூட்டினால் ஓர் உத்தியோகத்தரின் மாதச்சம்பளமும் தேறாது என்பர் கணக்கறிந்தோர். தேறாதுதான். அதன் பயன் வேறிடத்தில் இருக்கிறது. ஐம்பது ரூபாய் கொடுத்தவள் கூட்டத்திலே எழுந்து, எங்கள் காசை என்ன செய்தீர்கள் என்று கேட்கலாம். ஐந்து இலட்சம் ரூபாய் பெறுமதியான உதவியைப் பெற்றவளால் அப்படிக் கேட்க முடிவதில்லை. நன்றி மட்டுமே சொல்ல முடிகிறது. பயனாளி என்ற சொல்லிலே கேள்வி கேட்கும் உரிமை இல்லை.

நிதிக்காகத் தோன்றாத பெண்ணெழுச்சிகள் நம் வரலாற்றில் உண்டு என்பதையும் நினைவிற் கொள்ளலாம். 1984இல் யாழ்ப்பாணத்துத் தாய்மார், கைதுசெய்யப்பட்ட தம் பிள்ளைகளை விடுவிக்கக் கோரி அன்னையர் முன்னணியாகத் திரண்டனர். 1990ஆம் ஆண்டு வன்முறையால் கிழக்கிலிருந்து கொழும்புக்கு வந்து அகதிகளாயிருந்த பெண்களிடையே 1991இல் வேலைசெய்யத் தொடங்கியோர், 1993இல் மட்டக்களப்புக்குச் சென்று சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையத்தை நிலைநிறுத்தினர். இத்தகைய முயற்சிகளில் வேலை முன்னே நின்றது, பணம் பின்னே தேடப்பட்டது. பணம் எதற்குக் கிடைக்கிறதோ அதற்கேற்ப வேலையைத் தேடுவது பின்வந்த பழக்கம்.

அப்பழக்கம் எவ்வளவு ஆபத்தானது என்பதை 2025ஆம் ஆண்டு காட்டிற்று. அவ்வாண்டு ஜனவரியிலே ஐக்கிய அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவிகளை இடைநிறுத்தியது. 1961இலிருந்து இயங்கிவந்த அதன் சர்வதேச அபிவிருத்தி முகவரகம் ஜூலை முதலாம் திகதியோடு செயற்பாட்டை நிறுத்தியது. வேறொரு நாட்டின் தேர்தல் முடிவால் உலகெங்கும் அலுவலகங்கள் பூட்டப்பட்டன. அப்பணத்தை நம்பியிருந்த களப்பணியாளர் வேலையிழந்தனர் என்பது ஒரு துயரம். அவர்களை நம்பியிருந்த பெண்கள் தொலைபேசியில் அழைத்தபோது எடுப்பாரில்லை என்பது மற்றொன்று. பின்னதைப் பற்றி எந்த அறிக்கையும் எழுதப்படாது. எழுதுவதற்குரிய செலவுத்தலைப்பே இல்லாது போயிற்றல்லவா?

திருக்குறளிலே ஈகைக்கு ஓரதிகாரம் வகுத்த வள்ளுவர், இரவுக்கு ஒன்றும் இரவச்சத்துக்கு ஒன்றுமாக மேலும் இரண்டு வகுத்தார். கேட்பதற்குரியவரிடம் கேட்பது இழிவன்று என்று ஓரிடத்திலும், கேட்டு வாழ்வதை அஞ்சவேண்டும் என்று மற்றோரிடத்திலும் அவர் கூறுவதை முரண் என்று கொள்வாருண்டு. பெண்ணுரிமைப் பணிக்குப் பணம் கேட்போர் இவ்விரண்டு அதிகாரங்களுக்கும் நடுவிலேயே நாளாந்தம் நடக்கின்றனர். அவர்கள் கேட்பது தமக்கன்று. ஆயினும் அவர்களுடைய சம்பளமும் அதிலிருந்தே வருகிறது. அவர்கள் பேசுவது உரிமையின் மொழி. கையிலிருப்பதோ கொடையின் பாத்திரம். தானம் பெறுபவர் கொடுத்தவருக்குக் கடன்பட்டவர். உரிமையைப் பெறுபவர் எவருக்கும் கடன்பட்டவரல்லர். அதுவரை அது மறுக்கப்பட்டிருந்ததற்குச் சமூகமே அவருக்குக் கடன்பட்டது. அடிபடாமல் வாழ்வது ஒரு பெண்ணின் உரிமை என்பது மெய்யாயின், அதற்காகப் பணம் கொடுப்பவர், சுவிற்சர்லாந்தில் இருப்பினும் சுருவிலில் இருப்பினும், உபகாரம் செய்பவரல்லர்; சமூகத்தின் பழங்கடனில் ஒரு பங்கைத் தீர்ப்பவர். கடன் தீர்ப்பவர் பற்றுச்சீட்டுக் கேட்கலாம். கொடுத்த பணம் திருடப்படவில்லை என்று உறுதிசெய்யக் கணக்காய்வும் கேட்கலாம். அவை நியாயமானவை, அவற்றிற் சோம்பும் அமைப்புக்களை நான் பாதுகாக்க வரவில்லை. ஆனால் கடன் தீர்ப்பவர் கடன் கொடுத்தவளின் முகத்தையும் கதையையும் கேட்கும் வழக்கம் எங்கும் இல்லை.

நடைமுறையில் இது எப்படிச் சாத்தியம் என்று கேட்கப்படும். முகத்தைக் காட்டாவிடின் பணம் வராது என்பது அனுபவசாலிகளின் வாதம். சில இடங்களில் வாராதுதான். அந்தப் பணத்தை இழக்கத் துணிவதும் பணியின் ஒரு பகுதி என்றே கருதுகிறேன். எல்லாப் பணத்துக்கும் ஓம் என்று சொல்லும் ஓர் அமைப்பு, மறுப்புச் சொல்லும் உரிமையை எந்தப் பெண்ணுக்குக் கற்பிக்கும்? மறுக்கத் துணிவதற்கு, மறுத்த மாதத்திலும் கதவைத் திறந்து வைக்கப் போதுமான சிறு தொகை வேண்டும். பிடியரிசியும் சந்தாவும் அங்கேதான் பயன்படும். நிதி வழங்குவோரும் ஒரு தன்மையினர் அல்லர். 2004இல் தெற்காசியப் பெண்கள் நிதியம் என்ற பெயரில் தோன்றி, இன்று ஆசியப் பெண்கள் நிதியம் என வழங்கும் அமைப்பைப் போன்று, பெண்களியக்கத்துக்குள்ளிருந்தே எழுந்து சிறிய அமைப்புக்களுக்கு நிதி வழங்குவோரும் உளர். அவர்களிடம் விவாதிக்கலாம். விவாதிக்கக்கூடிய கொடையாளர் கிடைப்பது அரிய பேறு.

இவற்றினும் எளிய ஒன்றைக் கூறி அமைகிறேன். நிதி வழங்குவோருக்கு அனுப்பப்படும் அறிக்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றன. யாரைப் பற்றி எழுதப்பட்டனவோ அவர்கள் அவற்றை வாசிப்பதில்லை. அறிக்கை அனுப்பப்படுமுன் அதன் தமிழ்ப்படி ஒன்று குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகேறட்டும். அங்கே பெண்கள் கூடியிருக்கும் இடத்தில் அது உரத்து வாசிக்கப்படட்டும். எவ்வளவு பணம் வந்தது, எவர் சம்பளம் எவ்வளவு, படகுக்கு எவ்வளவு, விடுதிக்கு எவ்வளவு என்பதை அவர்கள் கேட்கட்டும். தன் கதையை அதில் அடையாளங்காணும் பெண் அதனை வெட்டிவிடச் சொல்லின், காரணம் கேளாது வெட்டிவிடப்படட்டும். தீவகத்தில் இயங்கும் அமைப்பொன்றின் பணியாளரிடம் இதனைக் கூறியபோது, மொழிபெயர்ப்புச் செலவைப் பாதீட்டில் எந்தத் தலைப்பின் கீழ் இடுவது என்று கேட்டார். படகுச் செலவுக்கு அடுத்த வரியில் இடலாம் என்றேன்.